போர்க்காலத்துக் கடல்

இத்தாலிக்குக் கிழக்கே நீண்டு கிடப்பது ஏட்ரியாட்டிக் கடல். அதன் கரையிலுள்ள ஃபியூமே துறைமுகத்துச் சந்தைக்கு வந்த மீன்களுள் சுறா, திருக்கை முதலியவற்றின் பங்கு எவ்வளவு என்பதை உம்பர்ட்டோ டான்கோனா என்னும் உயிரியல் அறிஞர் ஆண்டுவாரியாகக் கணக்கிட்டார். இவை பிற மீன்களைத் தின்று வாழ்பவை. 1914இல் நூற்றுக்கு 11.9 ஆக இருந்த அவற்றின் பங்கு, 1915இல் 21.4 ஆகவும் 1918இல் 36.4 ஆகவும் உயர்ந்திருந்தது.

அவை முதல் உலகப் போர் நிகழ்ந்த ஆண்டுகள். மீன்பிடித்தல் பெரிதும் குறைந்திருந்தது. வலை வீசுவது குறைந்தால் எல்லா மீன்களும் பெருக வேண்டுமன்றோ? சுறாக்களின் பங்கு மட்டும் ஏறியது ஏன்? டான்கோனா இவ்வினாவைத் பின்னாளில் தம் மாமனாரானவரும் கணித அறிஞருமாகிய வீட்டோ வோல்ட்டெராவிடம் கேட்டார்.

வோல்ட்டெரா விடை தேடியது கடலிலன்று, தாளில். இரண்டே சமன்பாடுகளைக் கொண்ட தம் கணித மாதிரியை அவர் 1926இல் வெளியிட்டார். (அமெரிக்காவில் ஆல்பிரெட் லோட்கா 1925இலேயே அவற்றைத் தனியே எழுதியிருந்தார், அதனால் அவை இருவர் பெயராலும் வழங்குகின்றன.) இரைமீன் பெருகினால் உணவு மிகுந்து சுறா பெருகும். சுறா பெருகினால் இரை அருகும். இரை அருகினால் சுறாவும் அருகும். மீண்டும் இரை தலையெடுக்கும். இரண்டும் ஊஞ்சல்போல் ஏறியிறங்கினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி உண்டு.

வலை இச்சராசரிகளை மாற்றிவிடுகிறது. வலையில் சுறாவும் அகப்படுகிறது. அவ்விழப்பை ஈடுசெய்யும் அளவு குட்டிகள் பிறக்கவேண்டுமாயின், சுறாக்களுக்கு முன்னினும் மிகுதியான இரை வேண்டும். ஆகவே, வலை வீசும் கடலில் இரையின் சராசரி உயர்ந்தே நிற்கும். இரைமீனின் பெருக்கத்தில் ஒரு பகுதியை வலையே அள்ளிவிடுவதால், எஞ்சியது குறைந்த சுறாக்களையே தாங்கும். போர் வலைகளைக் குறைத்தது, நிலைமை தலைகீழாயிற்று. மிதமான மீன்பிடிப்பு இரைமீன்களைப் பெருக்கியது என்பது வியப்பான விடைதான். ஆயினும், வரம்பு மீறிப் பிடித்தால் ஈரினமும் அழியும் என்பதையும் அச்சமன்பாடுகளே காட்டுகின்றன.

உண்மைக் கடலில் ஈரினம் மட்டுமா வாழ்கிறது? குளிர், நோய், பிற உணவு எதுவும் இம்மாதிரியில் இல்லை. எனினும், போருக்குப்பின் படகுகள் கடலுக்குத் திரும்பின. 1923இல் சுறாக்களின் பங்கு நூற்றுக்கு 10.7.

பயிற்சி

1. மீன்பிடித்தல் குறைந்தபோது சுறாக்களின் பங்கு உயர்ந்தது ஏன்? உம் சொற்களில் எழுதுக.

2. பயிரைத் தின்னும் பூச்சியையும் அப்பூச்சியைத் தின்னும் வண்டையும் ஒருசேரக் கொல்லும் மருந்து வயலில் இடைவிடாது தெளிக்கப்படுகிறது. வோல்ட்டெராவின் மாதிரிப்படி எதன் சராசரி உயரும்?