நாராவில் ஒரு நாள்: ஒன்பது வேண்டாம், இரண்டு போதும்

கேள்வி: மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். ஏப்ரல் மாதம் நானும் என் கணவரும் அவனிடம் போகிறோம். கியோட்டோ, நாரா இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் ஒன்பது கோயில் பார்க்கும்படி தெரிந்தவர் ஒருவர் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு 66 வயது, மூட்டு வலி உண்டு. இருவரும் சுத்த சைவம். இந்தப் பட்டியல் சரிப்படுமா? அங்கே எப்படிக் கும்பிட வேண்டும்? தேங்காய், பூ, கற்பூரம் கொண்டுபோகலாமா?

– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள் அம்மா. நம் ஊரில் இரவு எட்டரை, ஒன்பது வரைகூட நடை திறந்திருக்கும். ஜப்பானில் பெரும்பாலான கோயில்களை மாலை ஐந்து மணிக்கெல்லாம் அடைத்துவிடுவார்கள். டிக்கெட் அதற்கு முன்பே நின்றுவிடும். என் முதல் பயணத்தில் நானும் ஒரே நாளில் ஆறு கோயில் என்று கிளம்பினேன். ஆறாவது கோயிலின் சாத்திய கதவைத்தான் பார்த்தேன். எந்தச் சிலையை எந்தக் கோயிலில் பார்த்தேன் என்பது அன்றிரவே குழம்பிப் போனதுதான் பெரிய வருத்தம்.

கியோட்டோவை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, இந்த ஒரு நாளை நாராவுக்குக் கொடுங்கள். கியோட்டோவுக்கும் முன்பே, 710 முதல் 784 வரை, அதுதான் பெரும்பாலும் தலைநகர். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து கின்டெட்சு ரயிலில் சுமார் 40 நிமிடம். ஜே.ஆர். ரயிலிலும் போகலாம், ஆனால் கோயில்களுக்குக் கிட்டத்தில் இருப்பது கின்டெட்சு நாரா நிலையம்தான். உங்கள் முழங்காலுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

முதலில் தோதாய்ஜி. ஏப்ரலில் காலை ஏழரைக்கே புத்தர் மண்டபம் திறந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துகள் வந்து சேர்வதற்குள் போய்விடுங்கள். நிலையத்திலிருந்து நடந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். போகும்போது டாக்சியில் போய்விட்டு, திரும்பும்போது பூங்கா வழியாக மெதுவாக நடக்கலாம்.

தெற்கு வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு பக்கமும் எட்டு மீட்டருக்கு மேல் உயரமான மரச் சிலைகள், நம் துவாரபாலகர்கள் மாதிரியே. உன்கெய், கைகெய் என்ற சிற்பிகள் தங்கள் குழுவோடு 1203-ல் சுமார் 70 நாளில் செய்து முடித்தவை. ஒருவர் வாய் திறந்திருக்கும், மற்றவர் வாய் மூடியிருக்கும். திறந்த வாய் சொல்வது ‘அ’. மூடிய வாய் சொல்வது ‘ஹூம்’. எல்லாவற்றின் தொடக்கமும் முடிவும் அந்த இரண்டு ஒலி. இரண்டும் வடமொழி எழுத்தோடு இந்தியாவிலிருந்து போன ஒலிகள்.

உள்ளே இருப்பவர் வைரோசன புத்தர். சுமார் 15 மீட்டர் உயர வெண்கலத் திருமேனி. 743-ல் ஷோமு மன்னர் எடுத்த சங்கல்பம் இது. 752-ல் கண் திறப்பு விழா நடந்தபோது தூரிகையைப் பிடித்துக் கண் எழுதியவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து போன துறவி. அந்தத் தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் கையில் கொடுத்தார்கள். கண் திறக்கும் புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு கிடைக்கட்டும் என்பதற்காக.

மண்டபம் 1180-லும் 1567-லும் போரில் எரிந்தது. இரண்டாவது தீக்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேல் சரியான மண்டபம் அமையாமல், பெரும்பகுதிக் காலம் மழையிலும் வெயிலிலும் அமர்ந்திருந்தார் அந்தப் புத்தர். இப்போதுள்ள மண்டபம் 1709-ல் முடிந்தது. பழைய அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் என்றாலும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

வெளியே வந்ததும் வாசலின் ஓரத்தில், கூரைக்குக் கீழே, சிவப்புத் துணி போர்த்திய ஒரு பழைய மரச் சிலை உட்கார்ந்திருக்கும். அவர் பின்சுரு. புத்தரின் சீடரான பிண்டோல பாரத்வாஜர்தான் அங்கே அந்தப் பெயரில் இருக்கிறார். நமக்கு எங்கே வலியோ அவருடைய அந்த இடத்தைத் தொட்டு, பிறகு நம் உடம்பில் அதே இடத்தைத் தடவிக்கொள்வது வழக்கம். நான் நின்ற கால் மணி நேரத்தில் மூன்று பாட்டிமார் வந்தார்கள். மூவரும் தொட்டது முழங்காலைத்தான். நீங்களும் தொடுங்கள்.

மதியம் கோஃபுகுஜி. நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள ஐந்தடுக்குக் கோபுரத்தில் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. அதற்காக வருந்த வேண்டாம். பொக்கிஷ மண்டபத்துக்குள் போய் ‘அஷுரா’ எங்கே என்று கேளுங்கள். நம் அசுரன்தான். மூன்று முகம், ஆறு கை, கோரைப்பல் கிடையாது. மெலிந்த சிறுவனின் உடல். புருவத்தை லேசாகச் சுருக்கி, செய்த தவறை நினைத்துக் கலங்குகிற முகம். 734-ல் துணியையும் அரக்குப் பிசினையும் அடுக்கடுக்காகச் சேர்த்துச் செய்தது. உள்ளே கூடு, அதனால் எடை குறைவு. தீப்பிடித்தபோதெல்லாம் தூக்கிக்கொண்டு ஓட முடிந்ததால்தான் பிழைத்தது என்பார்கள். அதே வரிசையில் பறவை அலகோடு கருடனும் ஒற்றைக் கொம்போடு கின்னரரும் நிற்கிறார்கள். நம்மிடமிருந்து போனவர்கள் வேற்றூரில் என்ன முகம் பெற்றிருக்கிறார்கள் என்று பார்க்க அவகாசம் வேண்டும் அம்மா. ஒன்பது கோயில் ஓடினால் அது கிடைக்காது.

கும்பிடும் முறை எளிது. ‘ஜி’, ‘தெரா’ என்று பெயர் முடிந்தால் புத்தர் கோயில்: உண்டியலில் காசு போட்டு, சத்தமில்லாமல் கைகூப்பினால் போதும். சிவப்புத் தோரண வாசலோடு ‘ஜிஞ்ஜா’, ‘தைஷா’ என்று இருந்தால் அது ஷிண்டோ கோயில்: இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிவார்கள். புத்தர் முன்னால் கைதட்ட வேண்டாம். தோதாய்ஜி மண்டபத்துக்குள் செருப்போடு போகலாம். வேறு சில இடங்களில் கழற்றச் சொல்வார்கள். சுலபமாகக் கழற்றும் காலணியும் நல்ல காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பூ, பழம், காய் எதற்கும் தாவர நலச் சான்று இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். கற்பூரம் வேண்டவே வேண்டாம். இரண்டு முறை எரிந்த மர மண்டபத்தில் நெருப்பு என்றால் அவர்களுக்கு எவ்வளவு பயம் இருக்கும்! ஊதுபத்தி வேண்டுமானால் அங்கேயே வாங்கி, அதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில் ஏற்றலாம்.

சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். காய்கறி மட்டும் போட்ட சூப்பிலும் நூடுல்ஸிலும்கூடப் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். ‘ஷோஜின் ரியோரி’ என்று போட்டிருந்தால் அது மடத்துச் சமையல்; மாமிசம், மீன் சேர்க்காதது. ஆனால் பொட்டலத்தைப் பூங்காவில் பிரிக்காதீர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் அங்கே கட்டற்றுத் திரிகின்றன. கையில் காகிதம் இருந்தாலும் இழுத்துத் தின்னும். அவற்றுக்கென்று விற்கும் பிஸ்கட்டைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது.

நாலு மணிக்கு ரயிலேறிவிடுங்கள். பட்டியலில் மீதி ஏழு கோயில் எங்கும் போய்விடாது. மகன் அங்கேதானே இருக்கிறான்.