பழைய தாளில் பிள்ளைகளுக்குக் கைவேலை

பள்ளி விடுமுறை நெருங்கினால், "பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?" என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. கைவேலை கற்றுக் கொடுங்கள் என்பதே அடியேனின் பதில். ஆனால் ஒன்று. 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்று தலைப்பிட்டு, கடையில் புது வண்ண அட்டையும் மினுமினுப்புத் தூளும் வாங்கி, மரம் ஒன்றைச் செய்து, மறுவாரம் குப்பைத் தொட்டியில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த மினுமினுப்புத் தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. ஆகவே, ஏற்கெனவே ஒரு முறை பயன்பட்ட தாளை மட்டுமே எடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும்.

நமக்குப் பழகிய மடிப்பிலிருந்தே தொடங்கலாம். நாட்காட்டியில் தினமும் கிழிக்கும் தாள், ஆண்டுக்கு 365 கிடைக்கிறது. பின்பக்கம் வெறுமையாக உள்ள தாளின் நடுவில் விபூதியை வைத்து, கீழ்ப்பகுதியை மேலே மடித்து, மேற்பகுதியை அதன்மேல் மடிக்க வேண்டும். பிறகு இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, ஒன்றின் வாயில் மற்றொன்றைச் செருகிவிட்டால் பசையே தேவையில்லை. ஐந்து வயதுப் பிள்ளையும் செய்யும். நாளிதழ்த் தாள் இதற்கு வேண்டாம். அச்சு மை ஒட்டும். விபூதியை நாவில் இடுவோரும் உண்டல்லவா? உணவுப் பொருளை நாளிதழில் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்ததும் அந்த மை பற்றியே.

நாளிதழ்த் தாளுக்கு ஏற்ற வேலை பை செய்வது. சிலாங்கூரில் 2017இல் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு கட்டணம் தொடங்கியது. பூவும் தேங்காயும் கொண்டுவரக் காகிதப் பை போதும். விரித்த தாள்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அகலவாட்டில் வைத்து, மேல் ஓரத்தை இரண்டு அங்குலம் மடியுங்கள். அதுவே பையின் வாய். இடது, வலது ஓரங்களை நடுவில் ஓர் அங்குலம் ஏறும்படி ஒட்டுங்கள். அடிப்பகுதியை நான்கு அங்குலம் மேலே மடித்து, அந்த மடிப்பை விரித்து, இரு மூலைகளையும் முக்கோணமாக அழுத்துங்கள். மேலும் கீழுமாக நிற்கும் இரு மடல்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து ஒட்டினால் அடி அமைந்துவிடும். பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றை உள்ளே இட்டால் தேங்காயைத் தாங்கும். பசைக்கு ஒரு கரண்டி மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து இளஞ்சூட்டில் கிளறினால் போதும். அடுப்பு வேலை பெரியவர்களுடையது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆமை. சமய வகுப்பில் கூர்மாவதாரம் கேட்டவர்கள்தானே! ஆனால் நம் நாட்டு ஆமையின் கதையையும் அவர்கள் கேட்க வேண்டும். திரெங்கானு, ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1950களில் ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம் முறை தோல் முதுகு ஆமைகள் முட்டையிட்டன. இன்று அங்கு அவை அநேகமாக வருவதேயில்லை. பல்லாண்டுகள் முட்டைகளை அள்ளி விற்றோம்; மீன் வலைகளில் சிக்கியும் மாண்டன. போதாக்குறைக்கு, நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பையை அவை ஜெல்லி மீன் என்று எண்ணி விழுங்கிவிடுகின்றன.

மலாய்க்காரர்கள் இதை 'பென்யூ பெலிம்பிங்' என்பார்கள். பெலிம்பிங் என்பது நட்சத்திரப் பழம். அப்பழத்தைப்போல ஆமையின் முதுகில் நீளவாட்டில் ஏழு வரம்புகள் உண்டு. பழைய பழுப்பு உறையை ஒரு முனை கூராக வெற்றிலை வடிவில் வெட்டி, ஏழு வரம்புகள் எழும்படி விசிறிபோல் மடித்துச் சற்றே விரித்தால் முதுகு தயார். முன் துடுப்புகள் நீளமாக இருக்கட்டும். நகம் வரைய வேண்டாம், இந்த ஆமைக்கு நகம் கிடையாது. ஏழு மடிப்பையும் எண்ணிப் பார்த்த பிள்ளை அந்தப் பெயரை மறக்காது.

வெட்டி மிஞ்சிய நாளிதழ்த் துண்டுகளை நனைத்துப் பூச்செடியின் அடியில் பரப்பலாம். பளபளப்பான தாள் அதற்கு உதவாது. அதை நீல நிற மறுசுழற்சித் தொட்டியில் போடச் சொல்லுங்கள்.