மலையேறும் பழைய காரின் புகையைச் சீராக்கும் முறை

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் இன்றும் ஓடுகின்ற கார்புரேட்டர் கார்களில், குறிப்பாக 1990களின் பிற்பகுதியில் வந்த மாருதி 800, ஜென் ஆகியவற்றில், மேட்டில் இழுவை குறையும்போது முதலில் பழிக்கப்படுவது சைலன்சருக்கு முன்னால் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே ஆகும். பிளாட்டினம் போன்ற உலோகங்கள் பூசிய பீங்கான் சல்லடையின் வழியே புகையைச் செலுத்தி, கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் இக்கருவி, நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலில் கட்டாயமாக்கப்பட்டது. இதைக் கழற்றி எறிந்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை, மலைப்பாதையில் விரைவை விரும்பும் இளைஞர்களிடம் வலுவாக உள்ளது.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. பாலக்காடு நகரம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. மூணாறோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 விழுக்காடு குறைந்துவிடுவதால் எஞ்சினின் திறனும் கிட்டத்தட்ட அதே அளவு குறைகிறது. எதைக் கழற்றினாலும் அந்த இழப்பு மீளாது. அடர்த்தி குறைந்த காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும் அறிவு கார்புரேட்டருக்கு இல்லாததால், கலவையில் பெட்ரோல் சுமார் 7 விழுக்காடு மிகுந்துவிடுகிறது. மெக்கானிக்குகள் ‘ரிச்’ என்று குறிப்பிடும் இந்நிலைதான் கரும்புகைக்கும் மந்தமான இழுவைக்கும் காரணமாகிறது. சீர்செய்ய வேண்டியது அதையே. மேலும், தயாரிப்பாளர் அமைத்த அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. காற்று மாசு விதியை மீறி வண்டி ஓட்டினால் 190(2)ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டாப்பெட் இடைவெளி, இக்னிஷன் டைமிங் ஆகியவற்றை முடித்துவிட வேண்டும். காற்றுக் குழல்களில் வெடிப்பு இருந்தால் மாற்றியாக வேண்டும். எஞ்சினின் உள்ளாவியை மீண்டும் உள்ளிழுக்கும் பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டும்போது சலசலவென ஒலித்தால் அது பெரும்பாலும் நன்றாகவே உள்ளது. ஒலிக்காவிட்டால் புதியது வாங்குவதே நலம்.

பெரும்பாலோர் தடுமாறுவது கலவைத் திருகில்தான். சோக் முழுவதும் திறந்து, எஞ்சின் நன்கு சூடாகி, ரேடியேட்டர் மின்விசிறி ஒருமுறை சுழன்று நின்ற பிறகே இதைத் தொட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் செய்த சரிசெய்தல் அரை மணி நேரத்தில் பொய்யாகிவிடும். முதலில் எஞ்சினை நிறுத்தி, திருகு மெல்ல அமரும் வரை உள்ளே திருப்பியபடி எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணி எழுதிவைத்து, மீண்டும் அதே எண்ணிக்கை வெளியே திருப்ப வேண்டும். அழுத்தி இறுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும். அடுத்து வருவது திசைக் குழப்பம். பல பைக் கார்புரேட்டர்களில் ஏர் ஃபில்டர் பக்கம் உள்ள திருகு காற்றைக் கட்டுப்படுத்துவதால் உள்ளே திருப்பினால் ரிச் ஆகும். கார்களில் எஞ்சின் பக்கம் உள்ள திருகு பெரும்பாலும் பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துவதால் உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறைந்து ‘லீன்’ ஆகும். பைக் பழக்கத்தில் கைவைப்பவர் காரின் புகையைக் கூட்டிவிடுவது இதனால்தான்.

எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, திருகைக் கால் சுற்றுகளாக நகர்த்தி, வேகம் உச்சம் தொடும் இடத்தைக் கண்டறிய வேண்டும். அங்கிருந்து உள்ளே சிறிது சிறிதாகத் திருப்பி, நிமிடத்துக்கு 20 முதல் 30 சுழற்சிகள் குறையும் இடத்தில் நிறுத்தி, பின்னர் ஐடிலிங் வேகத்தை அதற்குரிய தனித் திருகால் சரிசெய்ய வேண்டும். காதால் மட்டும் செய்வதைவிட, புகைச் சோதனை நிலையத்திலேயே கூட்டம் இல்லாத நேரத்தில் கருவியின் குழாயைச் சைலன்சரில் வைத்துக்கொண்டு செய்வதே சரியான முறை. கார்பன் மோனாக்சைடு மட்டும் கூடியிருந்தால் கலவை ரிச். ஹைட்ரோகார்பன் மட்டும் கூடியிருந்தால் தீப்பொறி தவறுகிறது அல்லது கலவை மிகவும் லீன் ஆகிவிட்டது என்று கொள்ளலாம். பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு உச்ச வரம்பு 3 விழுக்காடு கார்பன் மோனாக்சைடும் 1,500 பிபிஎம் ஹைட்ரோகார்பனும் ஆகும். நன்கு சீரமைத்த கார்புரேட்டர் இதற்குள் எளிதில் அடங்கும். பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5 விழுக்காடும் 750 பிபிஎம்மும் என்பதால், அவற்றில் கன்வெர்ட்டர் இல்லாமல் தேறுவது பெரும்பாலும் நடவாத காரியம்.

இத்தனையும் முடிந்த பிறகே கன்வெர்ட்டரைச் சோதிக்க வேண்டும், ஏனெனில் ரிச் கலவையே அதன் சல்லடையை உருக்கி அடைத்துவிடுகிறது. வண்டி குளிர்ந்தபின் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது உள்ளே கலகலத்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிட மானியைப் பொருத்தி, 2,500 சுழற்சியில் நிறுத்திப் பிடிக்கும்போது அளவு மெல்ல மெல்ல விழுந்துகொண்டே வந்தால் கன்வெர்ட்டர் அடைபட்டிருக்கக்கூடும். அப்போது செய்ய வேண்டியது புதியதைப் பொருத்துவதே; உள்ளீட்டை இடித்துக் கொட்டி வெறுங்கூட்டை மாட்டுவது சட்டத்தையும் மீறுகிறது, அந்தப் பீங்கான் தூசி இடிப்பவரின் நுரையீரலையும் கெடுக்கிறது. முழு வேகத்துக்காக எல்லாவற்றையும் கழற்ற விரும்புவோர் கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தளங்களில் ஓடும், சாலைப் பதிவற்ற வண்டிகளில்தான் அதைச் செய்ய வேண்டும்.

புகைச் சோதனைக்கு இருபது நிமிடம் ஓட்டிச் சூடாகவே செல்ல வேண்டும், ஏனெனில் கன்வெர்ட்டர் ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸை எட்டிய பிறகே வேலை செய்யத் தொடங்குகிறது. பழைய வண்டிகளுக்குப் புகைச் சோதனைச் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். வண்டி பெரும்பாலும் ஓடும் உயரத்திலேயே கலவையை அமைப்பதுதான் முறை. தேவிகுளத்தில் லீன் ஆக அமைத்த காரைப் போடிமெட்டு வழியே தேனிக்கோ, கீழே பாலக்காட்டுக்கோ நிரந்தரமாகக் கொண்டுசென்றால், எழுதிவைத்த சுற்றுக் கணக்கைப் பார்த்துத் திருகைப் பழைய இடத்துக்கு வெளியே திருப்பி, அங்குள்ள நிலையத்தில் ஒருமுறை அளந்து சரிபார்க்க வேண்டும்.