ஒரே தொழில், ஒரு முழு வருஷம்: வீட்டிலிருந்து ஆன்லைனில் விற்பவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

தை மாதம் இட்லிப் பொடி, பங்குனியில் சேலை ரீசெல்லிங், ஆடியில் டெரகோட்டா நகை, ஐப்பசியில் யூடியூப் சேனல். வீட்டிலிருந்தே ஆன்லைனில் சம்பாதிக்க நினைக்கும் பல பெண்கள் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறார்கள். உழைப்பில் குறையே இல்லை. ஆனால், முதலில் வாங்கியவர் ருசி பிடித்து மறுபடியும் கேட்டு வரும்போது, இங்கே அந்தத் தொழிலே இருப்பதில்லை. எனக்கு மனசு வலிப்பது இதில்தான். பொடி விற்பவரை மனதில் வைத்தே இவற்றை எழுதுகிறேன்; ஊறுகாய், சோப்பு, தையல் என எதைச் செய்பவருக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. எது விற்கும் என்று யோசிப்பதற்கு முன், எதை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்ய முடியும் என்று யோசியுங்கள். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் கைக்குப் பழகிய வேலையாக இருக்கட்டும். கூரியரில் போய்ச் சேரும்வரை தாங்குகிற பொருளா என்றும் பாருங்கள். முறுக்கு நொறுங்கும், ஊறுகாய் கசியும். பொடிக்கு அந்தத் தொல்லை குறைவு.

2. முதல் வருஷம் மூன்று வகைக்கு மேல் வேண்டாம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி போதும். பத்து வகை வைத்தால் நான்கு வகை டப்பாவிலேயே மணம் போய்க் கிடக்கும். மூன்றே வகை என்றால் வாராவாரம் புதிதாக அரைக்கலாம்.

அரைப்பதிலும் கைப்பிடி அளவு, கண்ணளவு எல்லாம் நம் வீட்டுச் சாப்பாட்டோடு நிற்கட்டும். டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, உளுந்து எத்தனை கிராம், மிளகாய் எத்தனை கிராம், எவ்வளவு நேரம் வறுத்தீர்கள் என்று நோட்டில் எழுதிவையுங்கள். எந்த ஊர் மிளகாய் என்பதையும் குறியுங்கள். மிளகாய் மாறினால் காரம் மாறிவிடும். இரண்டாம் முறை வாங்குகிறவர் போன தடவை சாப்பிட்ட அதே ருசியைத்தான் எதிர்பார்க்கிறார். அது கிடைக்கவில்லை என்றால் குறை சொல்லமாட்டார், சும்மா வாங்காமல் விட்டுவிடுவார்.

3. வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணோடு, சேர்மானங்கள், எடை, பேக் செய்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், சைவத்துக்கான பச்சை வட்டக் குறி எல்லாம் லேபிளில் இருக்கட்டும். ஆன்லைன் சந்தைத் தளங்கள் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் முதல் ஜி.எஸ்.டி. பதிவில் தளர்வு உண்டு. பெங்களூருக்கும் மும்பைக்கும் அனுப்புவதென்றால் விதி வேறு. ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

4. பலர் தொழிலை விடுவது ஆர்டர் வராததால் அல்ல. வந்த ஆர்டரில் காசு நிற்காததால். விலை போடும்போது மில் கூலி, கேஸ், கவர், ஸ்டிக்கர் எல்லாவற்றோடும் உங்கள் கூலியையும் சேருங்கள். கூரியரில் இன்னொரு விஷயம்: பல நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, அந்த எடைக்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. 200 கிராம் பொடியை 20-க்கு 15-க்கு 10 அளவுப் பெட்டியில் வைத்தால் அது 600 கிராம் கணக்கு. சின்னப் பெட்டிக்கு மாறினாலே லாபம் கண்ணில் தெரியும்.

5. 'அடுத்த தை வரை இதுதான்' என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். ஒரு வருஷம் ஏன் என்றால், மாதத்துக்கு மாதம் வியாபாரம் வேறு. ஜூனில் ஹாஸ்டல் பிள்ளைகளுக்காகக் கேட்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களின் பெட்டிக்காகக் கேட்பார்கள். தீபாவளி சமயம் எல்லார் கவனமும் பலகாரத்தின் மேல் இருக்கும். தீபாவளி மாதத்தை மட்டும் பார்த்துப் பொடிக்கு மவுசு இல்லை என்று முடிவு கட்டினால் தப்பு.

6. நம் ஊர்க்காரர்களையே பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கியது வில்லேஜ் குக்கிங் சேனல். தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் பெரிய பாத்திரத்தில் சமைத்து ஊருக்குப் போடுகிறார்கள். சமைக்கும் பண்டம் மாறியது, பாணி மாறவில்லை. 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அதுதான். கடல் கடந்து பார்த்தால், இன்று எல்லாவற்றையும் விற்கும் அமேசான் 1995-ல் புத்தகங்களோடுதான் கடை திறந்தது. இசைத் தட்டுகளைச் சேர்த்ததே 1998-ல். முதன்முதலாக ஒரு காலாண்டில் லாபம் காட்டியது 2001-ன் கடைசியில்.

7. லைக்கை எண்ணாதீர்கள். நோட்டில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வரி: பெயர், போன் நம்பர், என்ன வாங்கினார், எப்போது. மறுபடி வாங்கினால் பக்கத்தில் ஒரு டிக். மாதக் கடைசியில் டிக்குகளை மட்டும் எண்ணுங்கள். தொழில் வளர்கிறதா என்பதை அவை சொல்லிவிடும். பாக்கெட் தீரும் நாளைக் கணக்கிட்டு, 'பொடி தீர்ந்துவிட்டதா அக்கா?' என்று ஒரு மெசேஜ் போடுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். நம்பரைச் சேமிக்கச் சொல்லி பார்சலுக்குள் ஒரு சீட்டு வையுங்கள்.

8. தொழில் ஒன்றாக இருக்கட்டும், விற்கும் வழி ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதிலேயே கூட்டம் சேர்த்தவர்கள் ஒரே ராத்திரியில் அத்தனை பேரையும் இழந்தார்கள். நோட்டில் இருக்கும் போன் நம்பரை யாரும் தடை செய்ய முடியாது.

9. மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. காரம், பாக்கெட் அளவு, விலை, போட்டோ எதையும் மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு மாதம் பாருங்கள். வருஷம் முடிந்தும் டிக் விழவே இல்லை, விலையைத் திருத்தியும் பாக்கெட்டுக்குப் பாக்கெட் நஷ்டம் என்றால் நிறுத்துங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

10. வியாபாரம் மந்தமாக இருக்கும் வாரத்தில்தான் 'வீடியோவுக்கு லைக் போட்டால் தினம் பணம்' என்று டெலிகிராமில் அழைப்பு வரும். சம்பாதிக்க முதலில் பணம் கட்டு என்றாலே அது மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

11. அரைக்க ஒரு நாள், பார்சல் போட இரண்டு நாள் என்று கிழமையை நிர்ணயித்து வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். பார்சல் கட்ட வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கை கொடுக்கட்டும். கல்யாணம், காய்ச்சல் என்று வேலை நின்றால் சொல்லாமல் காணாமல் போகாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து மறுபடி ஆர்டர் எடுப்பீர்கள் என்று ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, அந்தத் தேதியில் அடுப்பைப் பற்றவையுங்கள்.