இடுப்பு வலியா, டிஸ்க் வலியா? காலைக் கவனியுங்கள்!



திரிங்காப் சுற்று வட்டாரத் தேயிலை மலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இடுப்பு வலி ஒன்றும் புதிய செய்தி அல்ல. சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று குனிய வேண்டும். குனிந்தபடியே திரும்ப வேண்டும். முன்பு முதுகில் கூடை. இன்று பல மலைகளில் கத்தரியும், இரண்டு பேர் பிடித்து நடக்கும் வெட்டு மெஷினும் வந்துவிட்டன. கருவி மாறினாலும் இடுப்பு படும் பாடு மாறவில்லை. உரம் போடுகிறவர்களும் மருந்துப் பம்பு சுமக்கிறவர்களும் இதை நன்றாக அறிவார்கள்.

வலி வந்தால் என்ன செய்கிறோம்? "வாயுப் பிடிப்புதான், தைலம் தேய்த்தால் போய்விடும்" என்று இருந்துவிடுகிறோம். உண்மையைச் சொன்னால், பெரும்பாலான இடுப்பு வலிகள் சில வாரங்களில் தாமாகவே போய்விடும். ஆனால் சில வலிகள் அப்படிப் போகாது. வெகு சில வலிகள் ஒரு நாள்கூடக் காத்திருக்காது. எது எந்த ரகம் என்று தெரிந்துகொள்வதுதான் இன்றைய பாடம்.

டிஸ்க் என்பது என்ன?

நமது முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சிறு சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் மெத்தை போல ஒரு தட்டு இருக்கிறது. அதுதான் டிஸ்க். வெளிப்புறம் கெட்டியான நார். உள்ளே மெத்தென்ற கூழ். கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அழுத்தினால் உள்ளே இருக்கும் பூரணம் மறுபக்கம் பிதுங்கும் அல்லவா? குனிந்து பாரம் தூக்கும்போது தட்டின் முன்பக்கம் அழுந்துகிறது, கூழ் பின்பக்கம் தள்ளப்படுகிறது. பின்பக்கத்தில்தான் காலுக்குப் போகும் நரம்புகள் இருக்கின்றன. நார் கிழிந்து கூழ் வெளியே வந்து நரம்பைத் தொட்டால், கோளாறு இடுப்பில், வலி காலில்!

இந்த விஷயம் மருத்துவ உலகத்துக்கே வெகு காலம் சரியாகத் தெரியாமல் இருந்தது. 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், கால் வலிக்குப் பிதுங்கிய டிஸ்க்கும் காரணமாகலாம் என்பது பரவலாகத் தெரிய வந்தது.

கால் சொல்லும் செய்தி

வலி இடுப்பிலேயே நின்றால், அது பெரும்பாலும் தசை, தசைநார், மூட்டு சம்பந்தப்பட்டது. வலி புட்டத்திலிருந்து இறங்கி, முழங்காலையும் தாண்டிப் பாதம் வரை 'சுள்' என்று இழுத்தால், டிஸ்க் நரம்பை அழுத்துகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இருமும்போதும் தும்மும்போதும் வலி காலுக்குப் பாய்ந்தால் சந்தேகம் இன்னும் கூடுகிறது.

காலில் எந்தப் பக்கம் வலிக்கிறது என்பதும் முக்கியம். கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பெருவிரல் வரை மரத்துப் போனால் ஒரு நரம்பு. காலின் பின்பக்கமாக இறங்கிச் சுண்டு விரல், உள்ளங்கால் வரை போனால் இன்னொரு நரம்பு. டிஸ்க் கோளாறில் அதிகம் அகப்படுவது இந்த இரண்டும்தான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்து அடி நடந்து பாருங்கள். பிறகு முன்விரல்களால் பத்து அடி. ஒரு கால் மட்டும் ஒத்துழைக்காமல் தொய்ந்து போனால் அது பலவீனம். வலியைவிடப் பலவீனம்தான் பெரிய செய்தி. தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

"எங்கேம்மா வலிக்குது?" என்று டாக்டர் கேட்பார். "உடம்பு பூரா வலிக்குது டாக்டர்" என்று நாம் சொல்வோம். வலி மாத்திரை கிடைக்கும், வீட்டுக்கு வந்துவிடுவோம். அவர் மீதும் முழுக் குற்றம் சொல்ல முடியாது. வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். ஆகவே, போகுமுன் இந்த ஆறு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

1. வலி எந்தத் தேதியில், என்ன வேலை செய்யும்போது தொடங்கியது?
2. இடுப்பில் அதிகமா, காலில் அதிகமா? எதுவரை இறங்குகிறது?
3. மரத்துப் போகிறதா? எந்த விரல்?
4. உட்கார்ந்தால் கூடுகிறதா, நடந்தால் கூடுகிறதா?
5. சிறுநீர், மலம் வழக்கம்போல் போகிறதா?
6. என்னென்ன மாத்திரை, நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்கள்?

பிறகு டாக்டர் உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவார். பாதி தூக்கும்போதே வலி தொடைப் பின்புறமாகக் கீழே பாய்ந்தால் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். சுத்தியலால் முழங்காலையும் குதிகால் நரம்பையும் தட்டுவார். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, அதை அழுத்திப் பார்ப்பார். டிஸ்க் வலியைக் கண்டுபிடிப்பதில் பெரும் பகுதி இதிலேயே முடிந்துவிடுகிறது. இந்தச் சோதனை நடக்கவில்லை என்றால், "டாக்டர், காலைத் தூக்கிப் பாருங்களேன்" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ.

"எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க" என்று பலர் சொல்கிறார்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். டிஸ்க்கையும் நரம்பையும் காட்டாது. அவற்றைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஆனால் உடனே எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று கடன் வாங்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் சற்றுப் பிதுங்கித்தான் இருந்தது! ஆகவே படத்தில் தெரிவது எல்லாம் நோயாகாது. படமும், கால் சொல்லும் செய்தியும் ஒத்துப்போக வேண்டும். அதைப் பொருத்திப் பார்க்கத்தான் நிபுணர் வேண்டும்.

நிபுணரிடம் போவது எப்படி?

முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக், அல்லது தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை. ஆறு வாரம் ஆகியும் கால் வலி குறையவில்லை, அல்லது கால் பலம் குறைகிறது என்றால், "எலும்பு மூட்டு நிபுணருக்குக் கடிதம் கொடுங்கள் டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடிதம் இருந்தால்தான் நிபுணர் கிளினிக்கில் தேதி கிடைக்கும்.

நாம் பகாங் மாநிலத்தில் இருந்தாலும் நமக்குக் கிட்டத்துப் பெரிய நகரம் ஈப்போதான். கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கினால் ஈப்போ. அங்கே ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனையில் எலும்பு மூட்டுப் பிரிவு இருக்கிறது. குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் சாதாரண வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்குக்கு 5 வெள்ளி. வெளிநாட்டுத் தோழர்களுக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம். அவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. போகும்போது கடிதம், அடையாள அட்டை, பழைய படங்கள், மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள்.

தனியார் டாக்டரிடம் போகிறவர்கள், அவர் பதிவு பெற்ற எலும்பு மூட்டு நிபுணர்தானா என்று தேசிய நிபுணர் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆப்பரேஷன் என்று சொன்னால், கால் பலவீனம் போன்ற அவசரம் இல்லாத வரையில், இன்னொரு நிபுணரையும் கேட்டுப் பார்க்கலாம். டிஸ்க் வலி உள்ளவர்களில் பெரும்பாலோர் கத்தி படாமலேயே குணமடைகிறார்கள். வெளியே வந்த கூழ் காலப்போக்கில் தானே சுருங்குவதும் உண்டு.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், அல்லது தெரியாமலே போய்விட்டால். மலம் அடக்க முடியாமல் போனால். உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப் போனால். இரண்டு கால்களும் பலம் இழந்தால், பொழுது விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அந்த இரவே வண்டி பிடித்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அடியிலுள்ள நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கியிருக்கலாம். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும். தாய்மார்களே, இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்!

வலியோடு காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் தூங்க விடாத வலி, விழுந்த பிறகு வந்த கடும் வலி ஆகியவையும் உடனே பார்க்க வேண்டியவை. காசநோய்கூட முதுகெலும்பில் வருவது உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

வாரக்கணக்கில் படுத்தே கிடக்கக் கூடாது. ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும். பிறகு மெல்ல மெல்ல நடங்கள். சுடுநீர் ஒத்தடம் இதம் தரும். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கால் மரத்திருக்கும்போது முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும், 'சடக்' என்று எலும்பை முறுக்கச் சொல்வதும் ஆபத்து. சந்தையில் விற்கும் பெயர் தெரியாத ஜாமு மாத்திரைகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஒரே நாளில் வலி பறந்துவிட்டதே என்று மகிழாதீர்கள். நாள்பட்டால் முகம் வீங்கும், இனிப்பு நீர் ஏறும், எலும்பு தேயும்.

பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கிய பிறகு இடுப்பைத் திருப்பாமல் காலைத் திருப்புங்கள். 50 கிலோ உர மூட்டை ஒருவர் தூக்கும் பாரம் அல்ல. இருவராகத் தூக்குங்கள், அல்லது பாதி பாதியாகப் பிரியுங்கள்.

விடுப்பும் சொக்சோவும்

வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்துக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் தனி. எம்சியை மறக்காமல் வாங்கி ஆபீசில் கொடுங்கள்.

மலையில் சறுக்கி விழுந்தோ, மூட்டை தூக்கும்போதோ இடுப்பு பிடித்துக்கொண்டால், அன்றே மண்டோரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வேலை விபத்தை 48 மணி நேரத்தில் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. விபத்தால் குறைந்தது நான்கு நாள் எம்சி கிடைத்தால், சராசரி நாள் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு கிடைக்க வழி உண்டு. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் வேலை விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். "நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்று விட்டால், பிறகு வேலையில் பட்ட அடி என்று நிரூபிப்பது கஷ்டம்.

ஆகவே, தோழர்களே, இடுப்பு வலி வந்தால் பயப்பட வேண்டாம்; அலட்சியமும் வேண்டாம். காலைக் கவனியுங்கள், தேதியை எழுதுங்கள், கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.