தனித்தொழில் வடிவமைப்பாளரும் துறை நிபுணர் என்னும் தகுதியும்

இந்துஸ்தான் பெட்ரோலியம் நிறுவனத்தின் சின்னத்தை நெடுஞ்சாலைகளில் அன்றாடம் காண்போர் நம் நாட்டில் கோடிக்கணக்கானோர். அதனை வடிவமைத்தவர் மும்பையைச் சேர்ந்த சுதர்சன் தீர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. ஒரு பாலத்தின் கல்வெட்டில் அதனைக் கட்டியவரின் பெயர் இல்லாவிடினும் திறந்து வைத்தவரின் பெயராவது இருக்கும். ஒரு மின்விசிறியிலோ, மருந்துப் பெட்டியிலோ, பேருந்து இருக்கையிலோ அதற்கு உருவம் தந்தவரின் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. நிறுவனங்களில் ஊதியம் பெற்றுப் பணிபுரியும் வடிவமைப்பாளருக்கு இதனால் பெரிய இழப்பு எதுவும் இல்லை. எந்த நிறுவனத்தையும் சாராது, பணிக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்று வாழும் தனித்தொழில் வடிவமைப்பாளருக்கோ இது பிழைப்பைப் பற்றிய பிரச்சினையாகும். முந்தைய பணியை அவர் செய்தார் என்பது தெரிந்தால்தானே அடுத்த பணி அவரைத் தேடி வரும்?

நம் நாட்டில் வடிவமைப்பு ஒரு தனித் தொழிலாக வேரூன்றியது விடுதலைக்குப் பின்னரே எனலாம். இந்திய அரசின் அழைப்பின் பேரில் இங்கு வந்து சுற்றிப்பார்த்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். நம் வீடுகளில் புழங்கும் செம்பின் உருவத்தை அவர்கள் அதில் வியந்து பாராட்டியது பலரும் அறிந்ததே. அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. 1969-இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொழில் வடிவமைப்பு மையம் நிறுவப்பட்டது. 2007-இல் தேசிய வடிவமைப்புக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவ்வாறு கல்விக்கும் கொள்கைக்கும் வழி பிறந்துள்ளது. எனினும் பயின்று வெளிவந்து தனியே தொழில் நடத்துவோர் ஒரு துறையின் நிபுணர் என்று எவ்வாறு ஏற்கப்படுகின்றனர் என்பது குறித்து மாணவர்களுக்குச் சொல்லப்படுவது குறைவே.

பெயர் மறைவது ஏன்?

இதற்குச் சட்டமும் ஓரளவு காரணமாகும். 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டப்படி, ஒருவர் தக்க கைம்மாறு பெற்றுக்கொண்டு மற்றொருவருக்காக ஒரு பொருளின் வடிவத்தை உருவாக்கினால், அவ்வடிவத்தின் உரிமையாளர் பணம் தந்தவரே ஆவார். பதிவு செய்யப்பட்ட வடிவத்திற்கு முதலில் 10 ஆண்டுகளும், நீட்டிப்பின் பேரில் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. அதன் பயன் அனைத்தும் உரிமையாளரையே சேரும். சின்னம், ஓவியம் போன்ற கலைப் படைப்புகளின் நிலை வேறு. அவை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வருவன. அச்சட்டத்தின் 57-ஆவது பிரிவு, பதிப்புரிமையை எழுதிக்கொடுத்த பின்னரும், இப்படைப்பு என்னுடையது என்று கூறிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்கு அளிக்கிறது. இப்பிரிவை அறியாமலே பல ஆண்டுகள் தொழில் நடத்துவோர் உண்டு.

ஆயினும் சட்டத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. தொழில் நிறுவனங்கள் தம் புதிய பொருளைப் பற்றி வெளியே பேசலாகாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நியாயமான நடைமுறையே. ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே, பொருள் விற்பனைக்கு வந்தபின் அதனைத் தன் பணி என்று குறிப்பிடவும், படங்களைக் காட்டவும், தொழில்நுட்ப இரகசியம் நீங்கலாக அப்பணியைப் பற்றி எழுதவும் அனுமதிக்கும் ஒரு வாசகத்தைச் சேர்த்துக்கொள்வது நன்று. பணி முடிந்தபின் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காத இந்த அனுமதி, தொடக்கத்தில் கேட்டால் எளிதில் கிடைத்துவிடும்.

இவ்வனுமதி கிடைத்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. படங்களின் தொகுப்பு ஒருவரது கைத்திறனைக் காட்டும். அவருக்கு ஒரு தொழில் தெரியும் என்பதை அது காட்டாது. நிபுணர் என்ற பெயர் இந்த இரண்டாவது அறிவுக்கே கிடைக்கிறது.

ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்ளல்

உணவுப் பொருள்களைப் பொதிதல் என்னும் ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஊறுகாய், மசாலாப்பொடி, அப்பளம் முதலியவற்றைத் தயாரிக்கும் சிறு நிறுவனங்கள் நாடெங்கும் உள்ளன. அவற்றுக்கு அழகிய உறை வரைந்து தரப் பலர் முன்வருவர். ஆனால் உறையில் முதலில் இருக்கவேண்டியவை வேறு. சைவ உணவுக்குப் பச்சைச் சதுரத்தினுள் பச்சை வட்டம் இடவேண்டும். உறையின் முதன்மை முகப்பின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரை இருக்குமாயின் அவ்வட்டத்தின் விட்டம் 3 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அசைவத்திற்கு முன்னர்ப் பழுப்பு வட்டம் இருந்தது. நிறங்களைப் பிரித்தறிய இயலாதோர் பச்சை வட்டத்தையும் பழுப்பு வட்டத்தையும் ஒன்றெனக் கொள்ளக்கூடும் என்பதால், 2020-ஆம் ஆண்டின் விதிமுறைகள் அதனைப் பழுப்பு முக்கோணமாக மாற்றின. பழைய குறியுடன் ஆயிரக்கணக்கில் உறைகளை அச்சிட்டுவிட்ட ஒரு சிறு தொழில்முனைவோரின் நட்டத்தை எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு செய்தியை அறிந்திருப்பதன் விலை புலப்படும்.

அடுத்து, பார்கோடு எனப்படும் பட்டைக் குறியீடு. நம் நாட்டு நிறுவனங்கள் பெறும் 13 இலக்க எண் 890 என்று தொடங்கும். இக்குறியீட்டின் இயல்பான அகலம், இருபுறமும் விடவேண்டிய வெற்றிடம் உட்பட, 37.29 மில்லிமீட்டர். இதனை 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதற்கு மேல் சுருக்குதல் ஆகாது. உறையின் நிறத்தோடு இயைய வேண்டும் என்று வெள்ளைப் பின்னணியில் சிவப்புக் கோடுகளாக அதனை அச்சிட்டால் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிவப்பு ஒளியால் படிக்கும் கருவிக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றே. அங்காடியில் சரக்கு திருப்பி அனுப்பப்படும். இடநெருக்கடியால் ஓரத்து வெற்றிடத்தில் ஓர் எழுத்தையோ பூவையோ நுழைத்தாலும் இதே கதிதான்.

அச்சிடும் முறையையும் அறிந்திருக்கவேண்டும். நெகிழிப் படலத்தாலான பைகள் பெரும்பாலும் கிராவூர் முறையில் அச்சாகின்றன. ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் உருளை செதுக்கப்படவேண்டும். எட்டு நிறப் பையை நான்கு நிறத்தில் அமைத்துக்கொடுத்தால் நான்கு உருளைகளின் செலவு மிஞ்சும். சில ஆயிரம் பைகளே தேவைப்படும் மகளிர் குழுவுக்கு அந்த நான்கு உருளைகளும்கூடத் தாங்கமுடியாத செலவு. அவர்களுக்கு அச்சிடாத பையும் அதன்மேல் ஒட்டும் தாளுமே உகந்தவை. ஊறுகாயாயின் எண்ணெய் கசிந்து அத்தாள் கழன்றுவிடும் என்பதையும், அதற்கேற்ற பசை எது என்பதையும் சொல்லத் தெரிந்தவரே அவர்களுக்கு உதவக்கூடியவர். இவ்வறிவைப் பெற வழி இல்லாமல் இல்லை. 1966-இல் தொடங்கிய இந்தியப் பொதிதல் நிறுவனம் பயிற்சிகளை நடத்துகிறது. அச்சகத்தில் இயந்திரத்தின் அருகே சில நாள்கள் நின்று பார்ப்பதும் பயிற்சியே. அது நம் மாணவர்கள் அதிகம் விரும்பாத பயிற்சி என்பதையும் இங்குச் சொல்லியாகவேண்டும்.

எல்லாப் பணிகளையும் ஏற்பேன் என்று அறிவிப்பவருக்குத் தொடக்கத்தில் வேலை கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மையே. வாடகைக்கும் உணவுக்கும் பணம் வேண்டிய இளைஞர் வந்த வேலையை மறுக்க இயலாது. அத்தகையோர் வருவாய்க்கென எதையும் செய்துகொண்டே, தம் நேரத்தில் ஒரு பகுதியை ஒரு தொழிலுக்கென ஒதுக்குவதே நடைமுறைக்கு ஏற்றது.

அறிந்ததை ஆவணமாக்கல்

தெரிந்ததைத் தம்முள் வைத்திருப்பவரைப் பிறர் நிபுணர் என்று அறிய வழியில்லை. சென்னையில் பிறந்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஆசிரியராக விளங்கிய எம்.பி. ரஞ்சன், தம் சகாக்களுடன் வடகிழக்கு மாநிலங்களின் மூங்கில், பிரம்புக் கைவினைகளை ஆராய்ந்தார். கூடைகள், முறங்கள், மீன்பொறிகள் முதலியவை எவ்வாறு பின்னப்படுகின்றன, விளிம்பு எவ்வாறு கட்டப்படுகிறது என்பனவெல்லாம் படங்களுடன் பதிவாகி 1986-இல் நூலாக வெளிவந்தன. மூங்கில் தொழிலைப் பற்றி எண்ணுவோர் அதன்பின் அவரைத் தேடிச் சென்றதில் வியப்பில்லை. அந்நூல் அவருடைய சொந்தப் படைப்புகளைப் பற்றியதன்று. பெயரறியாத கைவினைஞர்களின் அறிவைப் பற்றியது. தம்மைப் பற்றி எழுதாமல் தொழிலைப் பற்றி எழுதியதாலேயே அது பயன்பட்டது.

ஆர்.கே. ஜோஷியின் வரலாறும் இத்தகையதே. விளம்பரத் துறையில் பணியாற்றிய அவர், இந்திய எழுத்துகளின் வடிவங்களை ஆராய்வதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். பின்னர் மும்பை தொழில் வடிவமைப்பு மையத்தில் பேராசிரியரானார். கணினிகளில் இந்திய மொழிகளைக் கையாளும் தேவை எழுந்தபோது அவ்வறிவு நாட்டுக்குப் பயன்பட்டது. விண்டோஸ் கணினிகளில் இந்திக்கு அமைந்த மங்கள் எழுத்துரு அவர் வடிவமைத்தது. நம் அலுவலகங்களில் பல ஆண்டுகளாகத் தமிழ்க் கோப்புகள் தட்டச்சான லதா எழுத்துருவும் அவர் தலைமையில் உருவானதே. ரஞ்சனும் ஜோஷியும் நிறுவனங்களின் ஆதரவைப் பெற்றவர்கள், தனித்தொழிலருக்கு அவ்வசதி ஏது என்று கேட்கலாம். சுதர்சன் தீர் சொந்தமாகத் தொழில் நடத்தியவர். அவர் தம் வரைபடங்களோடு நின்றுவிடாமல், இந்திய வடிவமைப்பாளர் பலர் உருவாக்கிய சின்னங்களையும் வணிகக் குறிகளையும் திரட்டி நூலாக வெளியிட்டார். போட்டியாளரின் பணியையும் தம் நூலில் சேர்ப்பதற்கு ஒரு பெருந்தன்மை வேண்டும். ஆனால் அப்பெருந்தன்மையே அத்துறைக்கு அவரை ஒரு சாட்சியாக ஆக்கியது எனலாம்.

தொடக்க நிலையில் உள்ளவர் பெருநூலுக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. மேலே கூறிய உறை விதிகளை எட்டுப் பக்கக் கையேடாக அம்மாநில மொழியில் எழுதி, மாவட்டத் தொழில் மையத்திலும் தொழில் சங்கத்திலும் கொடுக்கலாம். தன் பணி ஒன்றின் முன்னும் பின்னும் அளந்த விவரத்தை, செலவு எவ்வளவு, உடைந்தது எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று நான்கு பக்கங்களில் எழுதலாம். இதற்குப் பணி தொடங்குமுன்னரே அளந்து வைத்திருக்கவேண்டும். பலரும் தவறவிடுவது இதனைத்தான். எண்ணிக்கை இல்லாத வெற்றிக் கதையைத் தொழிலதிபர் நம்புவதில்லை. தோல்வியையும் சேர்த்து எழுதியவரை அவர் எளிதில் நம்புவார்.

போட்டிகளைப் பற்றி

பெயர் பெறுவதற்குப் போட்டிகளே குறுக்குவழி என்ற எண்ணம் மாணவரிடையே உள்ளது. ரூபாய்ச் சின்னத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவர். 2009-இல் அறிவிக்கப்பட்ட அப்போட்டிக்கு 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்வாயின. டி. உதயகுமார் அமைத்த வடிவத்தை 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றது. பரிசு இரண்டரை இலட்சம் ரூபாய். ஒரே நாளில் நாடறிந்தவரானார் என்று சொல்வது எளிது. ஆனால் அவர் மும்பையில் தமிழ் எழுத்துகளின் வடிவ வரலாற்றைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர். தேவநாகரி ரகரத்தையும் ரோமன் எழுத்தையும் ஒரே உருவில் இணைக்கும் திறன் ஓர் இரவில் வந்ததன்று. மேலும், ஒருவர் வென்ற அப்போட்டியில் மற்ற ஆயிரக்கணக்கானோரின் உழைப்புக்கு ஊதியம் எதுவும் இல்லை. நாட்டின் சின்னத்துக்கு அவ்வாறு உழைப்பதில் ஒரு நிறைவு உண்டு. ஒரு தனியார் நிறுவனம் பத்துப் பேரிடம் இலவசமாக வரைந்து வாங்கி ஒன்றை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் அதனையும் ஒன்றாகக் கருதக்கூடாது.

அலுவலர்கள் கருதவேண்டியவை

சிறு தொழில்களுக்கு வடிவமைப்பாளரின் உதவி கிட்டுவதற்காக, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை ஒருங்கிணைப்பு அமைப்பாகக் கொண்டு 2010-இல் வடிவமைப்பு ஆலோசனைத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2022-இல் அது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான புத்தாக்கத் திட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. இத்தகைய திட்டங்களிலும் அரசுத் துறைகளின் பணிகளிலும் வடிவமைப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அலுவலரிடமே உள்ளது. மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கே பணி என்ற முறை, மேசை நாற்காலி வாங்குவதற்குப் பொருந்தலாம். மேசை நாற்காலியை வடிவமைப்பதற்குப் பொருந்தாது. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் இதற்கு இடம் தருகின்றன. அவற்றின் 192-ஆவது விதி, ஆலோசனைப் பணிகளில் தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிட வழி செய்கிறது. தரத்திற்கு 80 சதவீதம் வரை மதிப்பெண் ஒதுக்கலாம்.

ஆனால் அம்மதிப்பெண்ணை எதற்கு அளிப்பது என்பதில்தான் இடர்ப்பாடு. ஆண்டு வரவு செலவு இத்தனை இலட்சம், பணியாளர் இத்தனை பேர் என்று நிபந்தனை விதித்தால், ஒரே துறையில் பதினைந்தாண்டுகள் ஆழ்ந்த தனியொருவர் வாசலிலேயே நின்றுவிடுவார். பெரிய விளம்பர நிறுவனம் உள்ளே வரும், அதன் சார்பில் வேலையைச் செய்பவர் பெரும்பாலும் வெளியே நின்ற அதே தனித்தொழிலராகவே இருப்பார். இதற்கு மாறாக, அத்தொழிலைப் பற்றி விண்ணப்பதாரர் எழுதிய அறிக்கை ஒன்று, அவர் பயிற்றுவித்த கைவினைஞர்கள் அல்லது சிறு தொழில்முனைவோர் இருவரின் சான்று, எதிர்பார்த்தபடி அமையாத தம் பணி ஒன்றைப் பற்றியும் அதன்பின் தாம் மாற்றிக்கொண்டது பற்றியும் இரண்டு பக்கக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். கடைசியாகக் கூறிய இரண்டு பக்கங்களைப் படித்தால், வண்ணப் படங்கள் நிறைந்த தொகுப்பைப் புரட்டுவதைவிட விரைவாக ஆளை எடைபோட்டுவிடலாம்.