பழைய காரின் கதவும் தகரமும்: நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் அவசரம் என்றால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு பழைய கார்தான். பிரசவ வலி எடுத்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான். காய்ச்சல் கண்ட குழந்தையோடு தாயை ஏற்றுவதும், சாவு வீட்டுக்குச் சொந்தக்காரரைக் கூட்டி வருவதும் அதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனைக் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. இந்த இடைக்காலத்தில் பழைய கார்களின் விலையும் ஏறிப்போயிற்று. ஆகவே, "பழசை வித்துட்டுப் புதுசு வாங்குங்க" என்று சொல்வது எமது சனத்துக்கு உதவாத பேச்சு. இருக்கிற காரை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

எஞ்சின் பழுதானால் கார் நின்றுவிடும், அன்றைய ஹயர் போய்விடும். அதனால் எஞ்சினை எல்லோரும் கவனிக்கிறார்கள். கதவு பழுதானாலும் கார் ஓடும். ஆகையால் "பிறகு பாப்போம்" என்று அதைத் தள்ளிப்போடுகிறார்கள். கயிறு கட்டிய கதவோடு ஓடும் காரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கதவுக்கு இரண்டு கடமை

கார் ஓடும்போது கதவு திறக்கக் கூடாது. இது முதலாவது கடமை. திறக்க வேண்டிய நேரத்தில் உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் உடனே திறக்க வேண்டும். இது இரண்டாவது கடமை. கயிறு கட்டிய கதவு முதலாவதை அரைகுறையாகச் செய்யும், இரண்டாவதைச் செய்யவே செய்யாது. கார் கவிழ்ந்தாலோ தீப்பிடித்தாலோ உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார்?

எமது பாதைகளில் இது இன்னும் முக்கியம். பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக, தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாய வரைக்கும் இறங்குகிற பாதையில் வளைவுக்கு மேல் வளைவு. கார் வலப்பக்கம் திரும்பும்போது உள்ளே இருப்பவர்கள் இடப்பக்கம் சாய்வார்கள். பின் ஆசனத்தில் நான்கு பேர் நெருக்கியிருந்தால், அத்தனை பேரின் பாரமும் இடது பின்கதவில்தான் விழும். பாதையோரமாக ஏறி இறங்குவதும் அந்தக் கதவால்தான். ஆக, அதிகம் தேய்வதும் அதிகம் பாரம் தாங்குவதும் அதே கதவு.

லொக் எப்படி வேலை செய்கிறது?

கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். நண்டின் கவ்வு மாதிரி ஓர் இரும்பு தெரியும். காரின் தூணில் ஒரு வளைந்த கம்பி அல்லது தடித்த முளை இருக்கும். கராஜ்காரர் இதை ஸ்ட்ரைக்கர் என்பார்கள். கதவைச் சாத்தும்போது கவ்வு சுழன்று ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் சிறு தடுப்பு ஒன்று, கவ்வு திரும்பிச் சுழலாமல் நிறுத்தும். கைப்பிடியை இழுத்தால் ஒரு கம்பி அந்தத் தடுப்பை விலக்கும், கதவு திறக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பழைய ஜப்பான் கார்களில் இந்தக் கவ்வுக்கு இரண்டு நிலை உண்டு. முதல் "க்ளிக்" அரைப்பூட்டு. இரண்டாவது "க்ளிக்" முழுப்பூட்டு. அரைப்பூட்டில் கதவு சாத்தியது போலத் தெரியும், ஆனால் ஆடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த கதவுப் பூட்டுச் சட்டத்தின்படி, நீளவாக்கு இழுவையில் முழுப்பூட்டு சுமார் 1,130 கிலோ பாரம் தாங்க வேண்டும். அரைப்பூட்டுக்குச் சுமார் 450 கிலோ போதும். அதாவது பாதி கூட இல்லை.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1950களில் கோர்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அங்கு நடந்த கார் விபத்துகளை ஆராய்ந்தார்கள். கதவு திறந்து வெளியே எறியப்பட்டவர்களுக்கே உயிராபத்து அதிகம் என்று கண்டார்கள். அதன் பின்னர் ஃபோர்ட் கம்பெனி தனது 1956ஆம் ஆண்டுக் கார்களுக்குப் பலமான லொக் போட்டது. எமது நாட்டில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர் அதற்கும் முந்தியது. 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட உறுதியான கார் அது. என்றாலும் அதன் லொக்கிடம் பின்னாளைய லொக்கின் பலத்தை எதிர்பார்க்கக் கூடாது. 1977க்குப் பின் இங்கு பெருகிய நிசான் சனி, டொயோட்டா கொரோல்லா, மிட்சுபிஷி லான்சர் போன்றவற்றின் லொக் பலமானது. ஆனால் அதுவும் தேயும்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

1. கதவு தொங்குதல். கதவைப் பாதி திறந்து, அதன் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். "கடக்" என்று ஆடினால் பிணைச்சல் முளை தேய்ந்திருக்கிறது. பலர் பிணைச்சலை விட்டுவிட்டு ஸ்ட்ரைக்கரைக் கீழே இறக்குகிறார்கள். அது நோயை விட்டுவிட்டு வலிக்கு மாத்திரை போடுவது போல. முதலில் பிணைச்சலைச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் ஸ்ட்ரைக்கரைச் சுற்றிப் பென்சிலால் அடையாளம் போட்டுவிட்டு, திருகைத் தளர்த்தி, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மட்டும் நகர்த்தி இறுக்குங்கள். சரிவராவிட்டால் பழைய அடையாளத்துக்கே திரும்பலாம்.

2. அறைந்து சாத்தினாலும் பூட்டாமை. பழைய கிறீஸ் தூசியோடு சேர்ந்து களிமண் மாதிரி இறுகி, கவ்வைச் சுழலவிடாது. மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் கழுவித் துடைத்து, புதுக் கிறீஸ் கொஞ்சமாகப் பூசுங்கள். பிறகு கதவு திறந்திருக்கும்போதே ஸ்குரூட்ரைவரால் கவ்வைத் தள்ளிப் பாருங்கள். இரண்டு "க்ளிக்" கேட்க வேண்டும், கவ்வு அப்படியே நிற்க வேண்டும். நிற்காமல் திரும்பினால் ஸ்பிரிங்கோ தடுப்போ போய்விட்டது, லொக்கை மாற்ற வேண்டும். கவனம்: பார்த்து முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கவ்வை விடுவித்த பின்தான் கதவைச் சாத்த வேண்டும். மூடிய கவ்வோடு சாத்தினால் அது ஸ்ட்ரைக்கரில் அடித்து வளையும்.

3. கைப்பிடி வெறுமனே ஆடுதல். கைப்பிடியையும் லொக்கையும் இணைக்கும் கம்பியின் நுனியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். அது உடைந்தால் கைப்பிடி வேலை செய்யாது. முழு லொக்கும் போய்விட்டதென்று பயப்படத் தேவையில்லை. கதவின் உள்மட்டையைக் கழற்றி அந்தக் கிளிப்பை மட்டும் மாற்றினாலே சரி.

4. பின்கதவு உள்ளேயிருந்து திறக்காமை. முதலில் கதவோரத்தில் சிறுவர் லொக் என்ற குட்டி நெம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது போட்டிருந்தால் உள்ளேயிருந்து திறக்காது, வெளியேயிருந்து திறக்கும். சிறு பிள்ளைகளை ஏற்றும்போது அது நல்லதே. அது போடாமலும் திறக்கவில்லையென்றால் கோளாறுதான்.

தகரத்தில் துரு

கண்ணாடி வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது சாதாரணம். அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. இலைச்சருகும் சேறும் அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, தகரம் உள்ளிருந்தே அரித்துவிடும். கதவை ஆட்டும்போது "சளக் சளக்" என்று சத்தம் வந்தால் அதுதான் காரணம். ஓர் ஈர்க்கை எடுத்துத் துளைகளைக் குத்திவிடுங்கள். ஒரு சதமும் செலவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

டிக்கியில் உர மூட்டை ஏற்றுபவர்கள் கவனிக்க: உரத்தில் உப்புத்தன்மை உண்டு. சிந்திய உரம் ஈரத்தை இழுத்துத் தகரத்தைத் தின்னும். இறக்கியதும் கூட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவிடுங்கள். காருக்குள் நனைந்த கம்பளத்தையும் தூக்கி வெயிலில் போடுங்கள்.

பழைய லொறிக்கு அடியில் தனியான சட்டம் உண்டு. இந்தக் கார்களுக்கு அப்படியில்லை, தகர உடம்பேதான் சட்டம். கதவுக்குக் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் காரின் முதுகெலும்பு. அது உக்கினால் காரின் நடு தாழும், கதவு பொருந்தாது. ஆகவே கதவு பூட்டாததற்குக் காரணம் சில வேளை கதவிலேயே இருக்காது. ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறினாலோ, கதவு இறுகினாலோ, அந்தக் காரை ஓட்டக் கூடாது. டிங்கர் பாஸிடம் காட்ட வேண்டும். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் யாரும் போகவும் கூடாது.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைக் கையில் கொண்டுபோங்கள். நல்ல தகரத்தில் அது ஒட்டும். தடிப்பாகப் பட்டி பூசி மறைத்த ஓட்டையில் ஒட்டாது. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓட்டை அடைப்பதென்றால் உக்கிய தகரத்தை நல்ல தகரம் வரை வெட்டி எடுத்துவிட்டு வெல்டிங் செய்ய வேண்டும். துருவுக்கு மேலே தகரம் ஒட்டினால் பலம் வராது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

டிக்கி றப்பர் கிழிந்திருந்தாலும், தரைத்தகரத்தில் ஓட்டை இருந்தாலும் சைலன்ஸர் புகை உள்ளே வரும். அதிலுள்ள காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, வாந்தி, தூக்கம் போல மயக்கம் வரும். எமது ஆட்கள் "வளைவு சுத்துது, அதான் வாந்தி" என்று விட்டுவிடுகிறார்கள். காரில் இருக்கும் பல பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலித்தால் புகையைச் சந்தேகியுங்கள். உடனே நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, நல்ல காற்றில் நிற்க வையுங்கள். மயங்கியவரைத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதே காரில் அல்ல. வாழைக்குலை ஏற்றி டிக்கியைப் பாதி திறந்து கட்டிக்கொண்டு ஓடுவதும் புகையை உள்ளே இழுக்கும். கர்ப்பிணித் தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் இது மிகவும் கெடுதி.

ஏறுகிறவர்களின் கடமை

இது டிரைவரின் வேலை மட்டுமல்ல. கதவு ஆடினால் வெட்கப்படாமல், "தம்பி, இந்தக் கதவு அரைப்பூட்டுல நிக்குது போல, ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்க" என்று சொல்லுங்கள். பிள்ளைகளைக் கதவோரம் இருத்தாமல் நடுவில் இருத்துங்கள். கதவில் சாய வேண்டாம். கெட்டுப்போன கதவோரத்தில் யாரையும் இருத்த வேண்டாம். டிரைவர் சகோதரர்களே, கயிற்றை அவிழ்த்துவிட்டு லொக்கைச் செய்யுங்கள். பழைய உதிரிப்பாகக் கடையில் அதே வகைக் காரின் லொக் தேடினால் கிடைக்கும். இலக்கத்தையும் கதவின் பக்கத்தையும் பார்த்து வாங்குங்கள். இடப்பக்க லொக் வலப்பக்கத்துக்குப் பொருந்தாது.

மாதம் ஒருமுறை பார்க்க: நான்கு கதவையும் தூக்கிப் பார்த்தல், இரண்டு "க்ளிக்" கேட்டல், உள்ளேயும் வெளியேயும் கைப்பிடி இழுத்தல், அடித்துளைகளை ஈர்க்கால் குத்துதல், டிக்கி றப்பரையும் தரையையும் பார்த்தல். அரை மணித்தியாலம் போதும்.

பாடத்தை மீட்டுவோம்

1. கதவின் இரண்டு கடமைகள் எவை?
2. அரைப்பூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?
3. கதவு தொங்கினால் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?
4. காரில் எல்லோருக்கும் தலைவலித்தால் என்ன செய்ய வேண்டும்?

இளைஞர் கழகத்தினர் இந்தக் கேள்விகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து டிரைவர்களோடு சேர்ந்து, ஒரு காரை முன்னால் நிறுத்தி வைத்துப் பேசுங்கள். வாசித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கதவைக் கையால் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வதே மறக்காது.